பட்டறை கேள்வி பதில்: முதல் ரிப்பை உடைத்துப் பாருங்கள்

போன இதழில் ஒரு வாசகர், "பிளான் வாங்கி வீட்டிலேயே சின்ன விமானம் கட்ட முடியுமா?" என்று கேட்டிருந்தார். முடியும், உலகத்தில் ஆயிரக்கணக்கான பேர் கட்டிப் பறந்திருக்கிறார்கள் என்று நாலே வரியில் பதில் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அப்படிப் போயிருக்கக் கூடாது என்பது இந்த மாதம் வந்த தபாலைப் பார்த்ததும் தெரிந்தது. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம், எருத்தேம்பதி என்று எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கடிதங்கள், அதில் பாதி பேர் ஏற்கெனவே மரக்கடைக்குப் போய் விலை கேட்டுவிட்டார்கள். அதனால் இந்த முறை பம்ப்செட், வெல்டிங் கேள்விகளையெல்லாம் தள்ளி வைத்துவிட்டு முழுப் பக்கமும் விமானத்துக்கே. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் விமானப்படையில் ஏர்ஃபிரேம் ஃபிட்டராக, அதாவது விமானத்தின் உடம்பையும் இறக்கையையும் பழுது பார்க்கிறவனாக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது கொழிஞ்சாம்பாறையில் ஒரு பட்டறை வைத்திருக்கிறேன்.

அண்ணா, நான் தச்சன். கதவு, நிலை, தேர்ச் சக்கர வேலை வரைக்கும் செய்கிறேன். என் ஷெட் 32 அடி நீளம், 14 அடி அகலம். மரத்தில் கட்டுகிற விமானம் என்றால் எந்த பிளான் வாங்கலாம்? தேக்கு போடலாமா? எதிலிருந்து ஆரம்பிப்பது?
— தச்சர், வேலந்தாவளம்

தம்பி, உங்கள் கடிதத்தைத்தான் முதலில் எடுத்தேன், ஏனென்றால் இந்த வேலைக்கு எஞ்சினியரை விட நல்ல தச்சர் அருகில் நிற்கிறார் என்பது என் அனுபவம். பிளான் என்றால் விமானத்தின் படம் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒவ்வொரு துண்டின் அளவு, மரத்தின் கனம், போல்ட்டின் சைஸ், கம்பி எந்த இடத்தில் எப்படி வளைகிறது என்பது வரை போட்ட தாள்களின் கட்டு. கிட் என்பது வேறு, அதில் பாதி பாகங்கள் ஆலையிலேயே செய்து பெட்டியில் வரும். பிளான் வாங்கினால் தாள் மட்டும்தான் வரும், மீதி எல்லாம் உங்கள் கை.

உங்கள் கை மரக் கை என்பதால் இரண்டு டிசைன் சொல்கிறேன். முதலாவது பீட்டன்போல் ஏர் கேம்பர். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ஒரு கிராமத்து மெக்கானிக், பெர்னார்ட் பீட்டன்போல் என்பவர், 1929 வாக்கில் ஃபோர்டு மாடல் ஏ கார் எஞ்சினைப் போட்டுப் பறக்க வைத்த விமானம் அது. 1930களின் தொடக்கத்தில் அதன் வரைபடங்கள் பத்திரிகையில் வந்தன, இன்று வரை யாராவது ஒருவர் எங்காவது அதைக் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார். இரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக உட்காரலாம், இறக்கை தலைக்கு மேலே குடை மாதிரி நிற்கும், அந்த இறக்கையின் நீளம் சுமார் 29 அடி. இறக்கையை மூன்று துண்டாகக் கட்டும் முறையும் இருப்பதால் உங்கள் ஷெட்டில் தாராளமாக நடக்கும். இரண்டாவது ஈவன்ஸ் விபி-1, ஒருவர் மட்டும் உட்காருவது, 1968ல் முதலில் பறந்தது, ஃபோக்ஸ்வேகன் கார் எஞ்சின் போட்டது. அழகைப் பார்க்காமல் கட்டுவதற்கு எளிதாக இருக்க வேண்டும் என்றே வரைந்தது, உடம்பு முழுக்க பிளைவுட் பெட்டிதான். அலுமினியத் தகட்டில் கட்ட விரும்புகிறவர்களுக்கு கிறிஸ் ஹைன்ட்ஸ் வரைந்த சிஎச் 701 மாதிரி டிசைன்கள் உண்டு, ஆனால் உளி பிடித்த கையை ரிவெட் கன் பக்கம் திருப்ப எனக்கு மனசு வரவில்லை.

இறக்கையை உங்கள் பாஷையிலேயே சொல்கிறேன். ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். நீளவாக்கில் போகிற உத்தரம்தான் ஸ்பார், பீட்டன்போலில் அது முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அதன் மேல் குறுக்கே வரிசையாக நிற்கும் கைமரங்கள்தான் ரிப். பாரம் முழுவதும் உத்தரத்தில், வடிவம் முழுவதும் கைமரத்தில். பீட்டன்போலின் ஒரு ரிப்புக்கு இரண்டு நூலுக்கு நாலு நூல் சட்டம் போதும், அவ்வளவு ஒல்லி. அதையே வளைத்து, நடுவில் குறுக்குச் சட்டங்கள் வைத்து, ஒவ்வொரு சந்திலும் இரண்டு பக்கமும் மெல்லிய பிளைவுட் வில்லை ஒட்டினால் ஒரு ரிப். அப்படி ஏறக்குறைய 30 செய்ய வேண்டும், ஒன்றுக்கொன்று மயிரிழை மாறாமல். அதற்கு ஒரு பலகையில் வடிவத்தை வரைந்து கட்டைகள் அடித்து அச்சு செய்துகொண்டால் முப்பதும் அதே அச்சிலிருந்து பிறக்கும்.

தேக்கு வேண்டாம். நல்ல மரம்தான், ஆனால் கனம். ஒரு கன மீட்டர் தேக்கு 650 கிலோ பக்கம் வரும், விமானத்துக்குப் போடும் சிட்கா ஸ்புரூஸ் 400 சொச்சம்தான், அந்தக் கனத்துக்கு அது தாங்குகிற பாரம் அபாரம். ஸ்புரூஸுக்குப் பதிலாக டக்ளஸ் ஃபிர் போடுவது உண்டு, கொஞ்சம் கனம் கூடும், ஆனால் பலத்தில் குறை இல்லை. தூத்துக்குடி துறைமுகம் வழியாக வருகிற பைன் பலகையைப் பார்த்து இதுவும் அதே குடும்பம்தானே என்று ஏமாந்துவிடாதீர்கள், பேக்கிங் பெட்டிக்கு வளர்த்த மரமும் ஸ்பாருக்கு ஆகும் மரமும் ஒன்றில்லை. மரம் எடுக்கும்போது பார்க்க வேண்டியது உங்களுக்கே தெரியும்: கணு கூடாது, பிசின் பை கூடாது, வெடிப்பு கூடாது. அதோடு, நார் ஓட்டம் 15 அங்குல நீளத்துக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் சாயக் கூடாது, வளையங்கள் நெருக்கமாக, ஒரு அங்குலத்துக்கு ஆறுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். கதவுக்கு மரம் எடுக்கும்போது இவ்வளவு பார்க்க மாட்டோம், இதற்குப் பார்த்தே ஆக வேண்டும். பிளைவுட்டும் அப்படித்தான். கடையில் கிடைக்கும் மரைன் பிளைவுட்டில் உள் அடுக்கில் ஓட்டை இருக்கும், வெளியே தெரியாது. மெல்லிய பிளையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், ஒரு துண்டை வெட்டி வெந்நீரில் நன்றாகக் கொதிக்க விட்டுப் பாருங்கள், அடுக்கு பிரிந்தால் அந்தப் பலகை மேஜைக்கு.

இப்போது பசை. இதில்தான் நான் அடி வாங்கினேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். வீட்டு வேலைக்குப் பூசுகிற வெள்ளைப் பசை இதற்கு ஆகாது, தொடர்ந்து பாரம் ஏறினால் அது மெல்ல மெல்ல வழுகும், ஈரத்திலும் நிற்காது. பிசினும் கடினமாக்கியும் கலக்கிற எபாக்சிதான் வேண்டும். நாலு வருடத்துக்கு முன் இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிடித்த வாரத்தில் நான் பதினோரு ரிப் ஒட்டினேன். நம் சித்தூர் தாலுகா மழை குறைந்த பக்கம்தான், ஆனாலும் அந்த வாரம் சுவரெல்லாம் வேர்த்தது. தராசை எடுக்கச் சோம்பல்பட்டு எபாக்சியைக் கண் அளவில் கலந்தேன். பார்க்க அருமையான ரிப்கள், பளபளவென்று. ஆனால் ஒவ்வொரு கலவையிலிருந்தும் ஒரு சோதனைத் துண்டு ஒட்டி வைப்பது என் பழக்கம், பத்து நாள் கழித்து அவற்றை வைஸில் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். நல்ல ஒட்டு உடையும்போது மரம்தான் கிழியும், பசைக் கோடு அப்படியே நிற்கும். என்னுடையது பசைக் கோட்டிலேயே தோசைக் கல்லிலிருந்து தோசை பிரிகிற மாதிரி பிரிந்து வந்தது. அப்புறம் ரிப் ஒன்றை எடுத்து உடைத்தேன், அதுவும் அப்படியே. பதினொன்றையும் வெந்நீர் அடுப்பில் வைத்தேன். இரண்டு மாத வேலை. அன்று இருந்த வேதனையை விட, அந்தச் சோதனைத் துண்டு இல்லாமல் அவை இறக்கைக்குள் போய், மேலே துணி மூடி, யார் கண்ணுக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்குமே என்று நினைத்தபோது வந்த நடுக்கம் இன்னும் போகவில்லை.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் ஆரம்பம் இதுதான்: எஞ்சினையோ சக்கரத்தையோ பற்றி யோசிக்காமல், பிளான் வாங்கி, ஒரு ரிப் மட்டும் செய்யுங்கள். அது நன்றாக வந்ததும் உடையுங்கள். எங்கே உடைந்தது என்று பார்த்துவிட்டு இரண்டாவது செய்யுங்கள். பசையை டிஜிட்டல் தராசில் நிறுத்தே கலக்குங்கள், ஒரு ஈரமானி வாங்கி மரத்தின் ஈரம் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் ஒட்டுங்கள், ஒட்டு இறுகியதும் மேலே மெழுகு மாதிரிப் படிகிற பிசுபிசுப்பைத் தண்ணீரில் துடைத்துத் தேய்த்துவிட்டுத்தான் அடுத்த பூச்சு. ஒவ்வொரு சந்தையும் மூடுவதற்கு முன்னால் தேதியோடு படம் எடுத்து நோட்டில் எழுதி வையுங்கள், பின்னால் பரிசோதிக்க வருகிறவருக்கு உங்கள் வாய் வார்த்தை சாட்சி ஆகாது, அந்த நோட்டுதான் ஆகும்.

இன்னொன்று, தச்சர்களுக்கே உள்ள ஆசை ஒன்று உண்டு, "இந்த இடத்தில் கொஞ்சம் கனமாகப் போட்டால் இன்னும் உறுதி" என்பது. போடாதீர்கள். வால் பக்கம் ஒரு கிலோ கூடினால் அதைச் சமன் செய்ய மூக்குப் பக்கம் சில கிலோ கூட்ட வேண்டிவரும், வால் கனத்த விமானத்தை ஒரு முறை மூக்குத் தூக்கவிட்டால் பிறகு இறக்குவது கஷ்டம். பிளானில் இருப்பதை அப்படியே கட்டுங்கள். அதற்குள் வேறு ஒருவர் ஏற்கெனவே செய்து பார்த்த கணக்கும், பறந்து பார்த்த மணி நேரங்களும் இருக்கின்றன. ஒரு துண்டை மாற்றினால் அந்தக் கணக்கு முழுவதும் உங்கள் தலையில் வந்துவிடும், பிறகு இறக்கையைக் கவிழ்த்துப் போட்டு மணல் மூட்டை அடுக்கி நீங்களே பாரச் சோதனை செய்ய வேண்டியதுதான்.

இதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் சமாச்சாரம். நம் பக்கத்தில் யாராவது கட்டிப் பறந்திருக்கிறார்களா, சொல்லுங்கள் பார்ப்போம்.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், சித்தூர்

நிறையப் பேர், ஐயா. 1910லேயே மெட்ராஸில் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ் என்ற ஓட்டல்காரர், மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர், தன் யோசனையில் ஒரு விமானத்தை சிம்சன் கம்பெனியில் கட்ட வைத்துப் பல்லாவரத்தில் பறந்து பார்த்தார். அவர் கார்சிகாக்காரர்தான், ஆனால் அந்த விமானம் நம் ஊரில், கோச் வண்டி கட்டிய பட்டறையில் உருவானது. ரைட் சகோதரர்கள் பறந்து அப்போது ஏழு வருடம்கூட முழுதாக ஆகவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

நமக்கு இன்னும் பக்கத்தில் வருகிறேன். தொடுபுழாவைச் சேர்ந்த சஜி தாமஸ், காது கேளாதவர், பேச்சும் இல்லாதவர். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்துக்கு மருந்து தெளிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட ஆசை. வருடக்கணக்கில் உழைத்து அல்ட்ராலைட் எனப்படும் மிக லேசான ஒரு விமானத்தைக் கட்டினார், 2014ல் அது நம் திருநெல்வேலி மாவட்டம் மணிமுத்தாறில் பறந்தது. முதன்முதலில் அதை ஓட்டியவர் ஓய்வு பெற்ற ஒரு விமானப்படை அதிகாரி என்பதை இங்கே அழுத்திச் சொல்கிறேன், கட்டியவரே முதல் பறப்பை ஓட்ட வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆலப்புழாக்காரர் அசோக் தாமரக்ஷன், இங்கிலாந்தில் வேலை பார்ப்பவர், கொரோனா காலத்தில் வீட்டிலேயே நாலு பேர் உட்காரும் ஸ்லிங் விமானத்தைக் கிட்டில் கட்டி, இளைய மகள் தியாவின் பெயரையே பதிவு எழுத்தாக வாங்கி, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றி வந்தார். மும்பையில் அமோல் யாதவ் என்ற விமானி அடுக்குமாடி வீட்டின் மொட்டை மாடியில் ஆறு பேர் உட்காரும் விமானத்தைக் கட்டினார், அதைப் பற்றிக் கீழே இன்னொரு பதிலில் வருகிறது.

ஐயா, என் பையனுக்கு 17 வயது. ராத்திரி பகலாக விமான பிளான், யூடியூப் என்றே இருக்கிறான். பிளஸ் டூ பரீட்சை வருகிறது. தடுக்கவா, விடவா? பயமாக இருக்கிறது.
— ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை

அம்மா, ஆசையைத் தடுக்க வேண்டாம், ஆளைத் தரையில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் கட்டுவது எதுவானாலும் அதில் எஞ்சினைப் போட்டு உட்கார்ந்து ஓட்டிப் பார்க்கக் கூடாது, "தரையில் மட்டும் ஓட்டினேன்" என்பதும் கூடாது, ஏனென்றால் தரையில் வேகமாக ஓட்டிப் பார்க்கப் போய்த் தானாக எழும்பிவிட்டவர்கள் உண்டு, எழும்பிய பிறகு என்ன செய்வது என்று தெரியாது. இந்த ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்.

மற்றபடி அவன் வயசுக்கு முறையான வழியே திறந்திருக்கிறது. மாணவர் விமானி உரிமத்துக்கு 16 வயது போதும், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் மருத்துவச் சான்றும் வேண்டும். தனியார் விமானி உரிமத்துக்கு 17 வயதும் 40 மணி நேரப் பறப்பும். செலவு அதிகம்தான், உடனே முடியாமல் இருக்கலாம், அதற்காகக் காத்திருக்கிற வருடங்களில் பிளஸ் டூ இயற்பியலும் கணக்கும்தான் அவனுக்கு நிஜமான பிளான். பரீட்சை முடிந்ததும் மேலே தச்சருக்குச் சொன்ன அதே ஒரு ரிப்பை அவனையும் செய்யச் சொல்லுங்கள். சனிக்கிழமை மதியம் என் பட்டறைக்குக் கூட்டி வந்தால் அச்சும் சட்டமும் நான் தருகிறேன், நீங்களும் கூட இருந்து பாருங்கள்.

பைக் எஞ்சினுக்கு ஒரு லிட்டருக்கு இப்போது நூறு குதிரைத் திறனுக்கு மேல் கிடைக்கிறது. அதை அப்படியே புரொப்பெல்லரில் மாட்டினால் என்ன? பழைய மாருதி 800 எஞ்சினும் என்னிடம் இருக்கிறது.
— டூவீலர் மெக்கானிக், மீனாட்சிபுரம்

மாட்டலாம், ஆனால் அப்படியே மாட்ட முடியாது. கணக்கைப் பாருங்கள். ஐந்து அடி புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றினால் அதன் நுனி நொடிக்கு 630 மீட்டருக்கு மேல் போகும். ஒலியின் வேகமே நொடிக்கு 350 மீட்டர் பக்கம்தான். நுனி ஒலி வேகத்தை நெருங்கினாலே இழுவை போய்ச் சத்தம் மட்டும் மிஞ்சும், மேலே போனால் புரொப்பெல்லரே தாங்காது. அதே புரொப்பெல்லரை 2,400ல் சுற்றினால் நுனி 190 மீட்டரில் நிம்மதியாகப் போகும். அதனால்தான் சின்ன விமானங்களுக்கென்றே செய்த ரோட்டாக்ஸ் 912 மாதிரி எஞ்சின் 5,800 வரை சுற்றினாலும் நடுவில் ஒரு கியர் பெட்டி வைத்து அதை இரண்டே கால், இரண்டரை மடங்கு குறைத்துத்தான் புரொப்பெல்லருக்குக் கொடுக்கிறது. பழைய மாடல் ஏ எஞ்சின் தானே மெதுவாகச் சுற்றியதால் நேராகவே மாட்டினார்கள், 40 குதிரைத் திறன்தான், அதுவே இரண்டு பேரைத் தூக்கியது.

இரண்டாவது, ரோட்டில் உங்கள் பைக் முழு சக்தியில் எத்தனை நிமிடம் ஓடும்? வாளையாரிலிருந்து பாலக்காடு போகும்வரை பிடித்தால்கூட நடுவில் நாலு தடவை ஆக்ஸிலேட்டரை விடுவீர்கள். விமான எஞ்சின் ஏறும்போது முழு சக்தியிலும் அப்புறம் மணிக்கணக்கில் முக்கால் சக்தியிலும் ஓட வேண்டும். அதோடு, விமான எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், இரண்டு தனித்தனி இக்னிஷன், ஒன்று போனால் இன்னொன்று. மாருதி எஞ்சினில் அது கிடையாது.

மூன்றாவதாக ஒன்று, நம் ஊர் மெக்கானிக்குகள் நம்பவே மாட்டார்கள்: கார்ப்பரேட்டரில் பனிக்கட்டி பிடிக்கும். வெளியே 25 டிகிரி வெயில் இருந்தாலும் பிடிக்கும். பெட்ரோல் ஆவியாகும்போதும் காற்று குறுகிய வழியில் விரியும்போதும் உள்ளே வெப்பம் இருபது டிகிரிக்கு மேல்கூடச் சட்டென்று இறங்கும், காற்றில் ஈரம் நிறைந்திருந்தால் அது உறைந்து, காற்றுவழியைத் திறந்து மூடும் பட்டர்ஃபிளை தகட்டின் மேல் படியும், எஞ்சின் மூச்சுத் திணறி நிற்கும். பாலக்காட்டு மழைக்கால ஈரம் அதற்கு ரொம்பத் தோது. அதனால் சைலன்சர் சூட்டில் காயவைத்த காற்றைத் தேவைப்படும்போது கார்ப்பரேட்டருக்குத் திருப்பிவிட ஒரு வழி கட்டாயம் வேண்டும். பெட்ரோலிலும் கவனம்: இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, ரோட்டாக்ஸ் 912க்கு அனுமதி 10 சதவீதம் வரைதான். எத்தனால் சில ரப்பர் குழாய்களையும் ஃபைபர் டேங்கையும் இளக்கும். நீங்கள் எஞ்சின் வேலை தெரிந்தவர், ஆசை இருந்தால் பழைய எஞ்சினை ஒரு இரும்பு ஸ்டாண்டில் கட்டி, கியர் குறைப்போடு புரொப்பெல்லர் போட்டு, சுற்றிக் கம்பி வேலி போட்டுத் தரையிலேயே 50 மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். யாரும் புரொப்பெல்லர் சுற்றும் வட்டத்தின் நேர்கோட்டில் நிற்கக் கூடாது, முன்னாலும் பின்னாலும்தான் ஆபத்து என்று நினைப்பார்கள், பிளேடு பிய்ந்தால் பக்கவாட்டில்தான் பறக்கும்.

எனக்குத் தென்னந்தோப்பு ஒட்டி மூன்று ஏக்கர் தரிசு இருக்கிறது. அதிலேயே ரன்வே போட்டுக்கொண்டு, என் நிலத்துக்கு மேலே மட்டும் பறந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?
— விவசாயி, எருத்தேம்பதி

கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். நிலம் உங்களுடையது, மேலே இருக்கும் வானம் இல்லை. நம் தாலுகாவிலிருந்து வடகிழக்கே கொஞ்ச தூரத்தில் சூலூர் விமானப்படைத் தளம், அதற்குப் பக்கத்தில் கோயம்புத்தூர் விமான நிலையம். அனுமதி இல்லாமல் எழும்பினால் அது வழக்கோடு முடிந்தால் அதிர்ஷ்டம். 1934ஆம் வருடத்து விமானச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய வாயுயான் அதினியம் என்ற புதிய சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பதிவு, பறக்கும் அனுமதி எல்லாம் மத்திய அரசின் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ கையில். 450 கிலோ வரையிலான இரண்டு இருக்கைக்காரச் சின்ன விமானங்களுக்கு மைக்ரோலைட் என்று தனி விதி உண்டு, வீட்டில் கட்டியதற்குத் தனியாகப் பரிசோதனை உண்டு. மரம் வாங்கும் முன்னாலேயே டிஜிசிஏவின் வட்டார அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள், கட்டி முடித்த பிறகு எழுதுவது அல்ல, ஏனென்றால் மூடிய இறக்கைக்குள் யாரும் எட்டிப் பார்க்க முடியாது.

அமோல் யாதவ் கதையை இதற்காகத்தான் தள்ளி வைத்தேன். அவர் விமானத்தை 2016ல் மும்பையில் நடந்த மேக் இன் இந்தியா கண்காட்சியில் நாடே பார்த்தது. பதிவு எண் கிடைத்தது 2017ல். சோதனையாகப் பறக்க அனுமதி வந்தது 2019ல். அவர் தொழில்முறை விமானி, அவருக்கே இவ்வளவு. எனக்கு அது வருத்தம்தான், இந்த வழி இன்னும் நேராகவும் தெளிவாகவும் இருக்க வேண்டும் என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், ஆனால் வழி நீளம் என்பதற்காக வேலி தாண்டுவது நம் எல்லோருக்கும் கதவை மூடிவிடும்.

அப்புறம் காற்று. பாலக்காட்டுக் கணவாயில் ஆனி, ஆடியில் அடிக்கிற மேல்காற்றில் கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகள் சுற்றுவதை நீங்கள் தினமும் பார்க்கிறவர். பீட்டன்போல் மாதிரி விமானம் மணிக்கு 55, 60 கிலோமீட்டரிலேயே காற்றில் நிற்கும். 40 கிலோமீட்டர் காற்று, அதுவும் தென்னை வரிசைக்குப் பின்னால் சுழன்று வருகிற காற்று, அதைத் தரையோடு புரட்டிவிடும். மூன்று ஏக்கரும் போதாது.

நான் பிளவுஸ் தைக்கிறேன். துணி மூடிய விமானம் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். நிஜமாகவே துணியா? தையல் தெரிந்தவருக்கு அதில் வேலை உண்டா?
— தையற்கலைஞர், கோபாலபுரம்

அக்கா, இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. நிஜமாகவே துணிதான், அதில் பாதி வேலை தையல்தான். முதல் உலகப் போரில் விமான ஆலைகளில் ஐரிஷ் லினன் துணியை இறக்கை இறக்கையாகத் தைத்தவர்கள் பெண்கள். நம் நாட்டிலேயே 1958ல் எச்ஏஎல் கட்டிய புஷ்பக், ஃப்ளையிங் கிளப்புகளில் எத்தனையோ பேர் பறக்கப் பழகியது, துணி மூடிய விமானம்தான்.

இப்போது போடுவது பாலியஸ்டர், ஆனால் சேலைக் கடை பாலியஸ்டர் இல்லை, சூடு காட்டினால் கணக்காகச் சுருங்குகிற, சாயமும் மினுக்கும் போடாத துணி. தலையணை உறை மாதிரி இறக்கை அளவுக்குத் தைத்து மாட்டலாம், அல்லது விரித்து ஓரங்களில் ஒட்டலாம். மாட்டியதும் தொளதொளவென்றுதான் இருக்கும். பிறகு இஸ்திரிப் பெட்டியால் முதலில் சுமார் 120 டிகிரியில் முழுக்க ஒரு சுற்று, கடைசியில் 177 டிகிரியில் ஒரு சுற்று. துணி தவில் தோல் மாதிரி விறைத்து, விரலால் சுண்டினால் சத்தம் கொடுக்கும். சூடு அதற்கு மேல் போனால் துணி தளர்ந்து கெட்டுவிடும், அதனால் இஸ்திரிப் பெட்டியின் திருகில் எழுதியிருப்பதை நம்பாமல் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ரிப் தையல், இதுதான் உயிர். பறக்கும்போது இறக்கையின் மேல்துணியைக் காற்று மேலே உறிஞ்சும், ஒட்டு மட்டும் போதாது. மெழுகு ஏற்றிய பலமான நூலை நீள ஊசியில் கோத்து மேல் துணியிலிருந்து கீழ்த் துணிவரை ரிப்பைச் சுற்றி இழுத்து, ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக முடிச்சுப் போட்டுப் பூட்டி, இரண்டரை முதல் மூன்றரை அங்குல இடைவெளியில் ரிப் நீளத்துக்கும் போக வேண்டும். புரொப்பெல்லர் காற்று படுகிற உள்பக்க ரிப்களில் இன்னும் நெருக்கமாக. ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடிக்கும்படி முடிச்சு. மேலே பல் வெட்டு ஓரமுள்ள நாடாவை ஒட்டி மூடுவார்கள், நீங்கள் ஓரம் பிரியாமல் இருக்க ஜிக்ஜாக் கத்தரியில் வெட்டுவீர்களே, அதே காரணம். ஒரு இறக்கைக்குப் பல நூறு முடிச்சு. ஆண்கள் நாங்கள் அவசரப்பட்டு இழுத்துத் துணியைச் சுருக்கிவிடுவோம், ஒரே சீரான இழுவையில் நூறு முடிச்சுப் போட உங்கள் கைக்குத்தான் வரும். வேலந்தாவளத்துத் தம்பி ரிப் செய்து முடிக்கட்டும், சம்மதம் என்றால் உங்கள் இருவரையும் நான் அறிமுகப்படுத்தி வைக்கிறேன்.

மொத்தம் எவ்வளவு செலவாகும்? எத்தனை வருடம்?
— அரசு ஊழியர், பாலக்காடு

கிட்டில் கட்டிய அசோக் தாமரக்ஷனுக்கு ஒன்றரை வருடம், நம் பணத்தில் ஒரு கோடிக்கு மேல். பிளானில் கட்டினால் மரமும் துணியும் மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்ளலாம், பெரிய பணம் எஞ்சினுக்கும் விமான போல்ட், கேபிள், கருவிகளுக்கும்தான், அதைக் கடைசி வரை தள்ளிப் போடலாம். ஆனால் நேரம் கூடும். ஆயிரம் மணி நேரத்துக்குக் குறைந்து முடித்தவர்கள் அபூர்வம், வேலைக்குப் போய்க்கொண்டே கட்டுகிறவருக்கு ஐந்து, ஆறு வருடம் சாதாரணம். வாரத்துக்கு ஒரு முழு நாள் இதற்கென்று ஒதுக்க வீட்டில் சம்மதமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். பாதியில் நின்ற விமானங்கள் பலவும் நின்றது பணத்தால் இல்லை.

பெயிண்ட் என்ன நிறம் அடிக்கலாம்? எனக்குக் கறுப்பும் சிவப்பும் ஆசை.
— கல்லூரி மாணவர், பொள்ளாச்சி

வெள்ளை. அறை வெப்பத்திலேயே இறுகுகிற சாதாரண எபாக்சி 60, 70 டிகிரியைத் தாண்டினால் இளக ஆரம்பிக்கும், பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ பங்குனி வெயிலில் நிற்கும் கறுப்புப் பரப்பு அதைச் சுலபமாகத் தாண்டிவிடும், பைக் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். நுரையும் கண்ணாடி இழையும் எபாக்சியும் வைத்துக் கட்டுகிற, அமெரிக்காக்காரர் பர்ட் ரூட்டன் வரைந்த விமானங்களை வெள்ளையாகவே வைத்திருப்பதற்கும் இதுதான் காரணம். சிவப்பு வேண்டுமென்றால் வால் நுனியில் ஒரு சின்னப் பட்டை போட்டுக்கொள்ளுங்கள், ஸ்பார் ஒட்டு எதற்கும் மேலே வராமல்.